ஒச்சப்பனுக்கு என்ன வேலை?

செவ்வாய்க்கிழமை காலையில் ஒச்சப்பனுடைய சளி டப்பாவில் பெயர் ஒட்டியது பாண்டிச்செல்விதான். மட்டாஞ்சேரியில் மசாலாக் கிடங்குகளுக்குப் பின்பக்கம் இருக்கும் அந்தச் சின்ன ஆஸ்பத்திரியின் லேபில் பதினோரு வருஷமாக அவளுக்கு அதே வேலை. சளியோ சீழோ ரத்தமோ, மேலே வார்டிலிருந்து எது இறங்கி வந்தாலும், அதை ஒரு கம்பியால் தொட்டு, ஆட்டு ரத்தம் கலந்த தட்டில் தீற்றி, சூட்டுப் பெட்டிக்குள் வைத்து மூட வேண்டும். மறுநாள் காலை திறந்து பார்த்தால் தட்டில் ஏதாவது முளைத்திருக்கும். முளைத்தது யார், எந்த மருந்துக்கு அடங்குவார் என்று கண்டுபிடித்து டாக்டருக்குச் சொல்ல வேண்டும்.

ஒச்சப்பன் அவளுக்கு வேற்று ஆள் இல்லை. ஒரே லைனில் நாலு வீடு தள்ளிக் குடியிருப்பவர். உசிலம்பட்டிப் பக்கத்து மனுஷர், வயது ஐம்பத்திரண்டு. அவர் மாமா, அவர் சம்சாரம் ஆவுடையம்மாள் அத்தை. அப்படித்தான் கூப்பிட்டுப் பழக்கம். அன்று சக்கர நாற்காலியில் உட்கார்ந்து, ஒவ்வொரு மூச்சுக்கும் தோளைத் தூக்கித் தூக்கி இறக்கிக்கொண்டிருந்தார். பத்து நாள் காய்ச்சலாம். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய மாத்திரைக்குக் கேட்கவில்லையாம். ஏழு வருஷமாகச் சர்க்கரை வேறு. எல்லாம் ஆவுடையம்மாள்தான் சொன்னாள். பாண்டிச்செல்வி தாளில் மலையாளத்தில் எழுதிக்கொண்டே வந்தாள். தமிழ் அவளுக்குப் பேசத்தான் வரும். எழுத்துக் கூட்டுவதற்குள் விடிந்துவிடும்.

"வேலைன்னு ஒரு கட்டம் இருக்கு, அத்தை."

"ஹோட்டல்லதான். வைட்டிலாவுல. உனக்குத் தெரியாததா?"

பேனா நின்றது. ஒச்சப்பன் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தார். கெஞ்சவும் இல்லை, மிரட்டவும் இல்லை, பார்த்தார், அவ்வளவுதான். பாண்டிச்செல்வி கட்டத்தில் 'ஹோட்டல்' என்று எழுதினாள்.

அவளுக்குத் தெரியாததா? வைட்டிலா ஹோட்டல் போன வருஷமே இழுத்து மூடியாகிவிட்டது. ஜூன் மாதம் முதல் மழை விட்ட ஒரு மத்தியானம், குறுக்கு வழியாக வந்தவள் கிடங்குகளுக்குப் பின்னால் ஓடும் தோட்டில் ஒச்சப்பனைக் கண்டுவிட்டாள். கால்வாய்க்கு இந்த ஊரில் தோடு என்று பேர். இடுப்புக்குக் கொஞ்சம் கீழே வரைக்கும் கறுப்புச் சேறு. அதில் நின்று சட்டியால் கோரிக் கோரிக் கரையில் கொட்டிக்கொண்டிருந்தார். கூட நாலு பேர். கரையில் குடை பிடித்து நின்றது கான்ட்ராக்ட் எடுத்த பிஜு. அவள் பார்க்காத மாதிரி நடந்துவிட்டாள். மறுநாள் காலை தண்ணீர்க் குழாயடியில் ஒச்சப்பனே வந்தார். ஹோட்டல் சட்டைதான் போட்டிருந்தார். பிஜுவின் ஷெட்டில் போய் அதைக் கழற்றி வைத்துவிட்டுத் தோட்டில் இறங்குவதும், வேலை முடிந்ததும் அங்கேயே குளித்து மறுபடி மாட்டிக்கொண்டு வீடு திரும்புவதுமாக இந்த ஆகஸ்டோடு எட்டு மாதம் ஓட்டியிருக்கிறார்.

ஏன் இந்த வேஷம் என்று கேட்க வேண்டியதே இல்லை. ஆவுடையம்மாளின் அண்ணன் மதுரையில் கழிவுக் குழியில் இறங்கினவன்; மேலே வந்தது உடம்புதான். அதனால் கல்யாணத்துக்கு முன்னாலேயே அவள் ஒன்று கேட்டாள். நகை கேட்கவில்லை, வீடு கேட்கவில்லை. கருப்பசாமி முன்னால் சூடம் கொளுத்தி, குழியிலும் சாக்கடையிலும் காலை வைக்க மாட்டேன் என்று அடிக்கச் சொன்னாள். ஒச்சப்பனும் எரிகிற சூடத்தின் மேல் கையை அடித்துச் சத்தியம் பண்ணினார். இது லைன் முழுக்கத் தெரிந்த கதை. ஆவுடையம்மாள் அதைப் பெருமையாகச் சொல்லிக் காட்டுவாள்.

அந்தக் குழாயடியில் ஒச்சப்பன் கையை நீட்டினார். பாண்டிச்செல்வியும் அதன் மேல் அடித்து, யாரிடமும் சொல்ல மாட்டேன் என்றாள். சத்தியத்தை மறைக்க இன்னொரு சத்தியம்.

புதன்கிழமை தட்டைத் திறந்தாள். வாயில் எல்லாருக்கும் இருக்கிற கிருமிகள் நிறைய. அவற்றுக்கு நடுவே குண்டூசித் தலை அளவு வெள்ளையாகச் சில புள்ளிகள். ஒன்றை எடுத்துக் கண்ணாடியில் தேய்த்து, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் வைத்தாள். நிமோனியாவுக்கு வழக்கமாக வருகிறவன் ஊதா நிறத்தில் ஜோடி ஜோடியாக நிற்பான். இது சிவப்புக் குச்சி. அதிலும் ஒரு விசித்திரம்: இரண்டு முனையிலும் சாயம் பிடித்திருக்கிறது, நடுவில் காலி. சேலைக்குக் குத்துகிற ஊக்கை மூடி வைத்தால் எப்படி இருக்கும், அப்படி.

லேபுக்குப் பொறுப்பு டாக்டர் ஜிஷா. கெட்டிக்காரி, கோபமும் உண்டு. அவர் வந்து பார்த்துவிட்டு, சாயம் பழசாகியிருக்கும் என்றார். போன மாதம்தான் வார்டில் ஆக்ஸிஜன் போகிற தண்ணீர்ப் புட்டியிலிருந்து இதே மாதிரி சிவப்புக் குச்சி மூன்று பேர் சளியில் வந்து, லேபே தலைகீழாக நின்றது. நோய் செய்கிறவன் அல்ல, தண்ணீரிலிருந்து ஒட்டிக்கொண்டவன். இதுவும் அவனாகத்தான் இருக்கும், இரண்டு நாள் பார்த்துவிட்டுத் தட்டைக் கொதிகலனில் போட்டு அழித்துவிடு என்றார். ரத்தத்தில் ஒன்றும் முளைக்கவும் இல்லை. மெடிக்கல் ஷாப் மாத்திரை தின்றவர்களின் ரத்தத்தில் எது முளைக்கும்?

பாண்டிச்செல்வி அந்தப் புள்ளிகளை மட்டும் தனியே எடுத்து வேறு தட்டில் போட்டு வைத்தாள். ஏன் என்று கேட்டால் அன்றைக்கு அவளுக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.

வியாழக்கிழமை ஒச்சப்பனை ஐ.சி.யூ.வுக்கு மாற்றினார்கள். ஊசி இரண்டு நாள் போயும் காய்ச்சல் அசையவில்லை. எக்ஸ்ரேயில் வலது நுரையீரலில் இருந்த வெள்ளை இடது பக்கமும் தாவியிருந்தது. கீழே லேபில் புதுத் தட்டு நிறைய முளைத்திருந்தது. பளபளப்பு இல்லாமல், காய்ந்த பால் ஆடை மாதிரி ஓரம் சுருங்கத் தொடங்கியிருந்தது. லேபில் பழைய ஆட்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு, தட்டை மூக்கருகே கொண்டுபோய் ஆளை அடையாளம் பிடிப்பது. தண்ணீர்க் கிருமி திராட்சை மாதிரி மணக்கும். கூடாது என்று சுவரில் எழுதியே ஒட்டியிருக்கிறது. பாண்டிச்செல்விக்கும் அந்தப் பழக்கம் விடவில்லை. மூடியை ஒரு விரல் திறந்து முகர்ந்தாள்.

திராட்சை இல்லை. மண். மழை விட்ட மண்.

அந்த வாசனையோடு தோட்டுக்கரையும் கறுப்புச் சேறும் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன. மூடியை மூடிவிட்டு, மருந்து நனைத்த பொட்டுகளை வட்டமாக வைத்த தட்டு ஒன்றில் அதைப் பரப்பி உள்ளே வைத்தாள். வீட்டுக்குப் போகும் வழியில் ஆவுடையம்மாள் ஐ.சி.யூ. வாசலில் சாயா கூடக் குடிக்காமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். என்னடி சொல்லுது உன் தட்டு என்று அவள் கேட்டதற்கு, நாளைக்குத்தான் தெரியும் அத்தை என்றாள். அது பாதி உண்மைதான்.

வெள்ளி காலை மருந்துத் தட்டை எடுத்துப் பார்த்தாள். கிருமியை அடக்குகிற மருந்தைச் சுற்றி வளராமல் தெளிவாக ஒரு வளையம் விழும். தண்ணீர்க் கிருமியை வழக்கமாக அடிக்கிற ஜென்டாமைசினைச் சுற்றி வளையமே இல்லை. எல்லாவற்றுக்கும் கடைசியில் எடுக்கிற கொலிஸ்டினுக்கும் இல்லை. ஆனால் தண்ணீர்க் கிருமி சட்டையே செய்யாத சாதாரண மாத்திரை மருந்து ஒன்றைச் சுற்றி அகலமாக வளையம். எல்லாம் தலைகீழ்.

டாக்டர் ஜிஷா தட்டை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கோழிக்கோட்டில் படித்த காலத்தில் இந்த மாதிரி ஒன்றைப் பார்த்திருப்பதாகச் சொன்னார். மெலியாய்டோசிஸ் என்று அந்த நோய்க்குப் பேர். கிருமி சேற்றிலும் வயலிலும் குடியிருக்கும். மழைக்காலத்தில் சர்க்கரைக்காரன் அதில் நின்றால் தோலிலோ மூச்சிலோ ஏறிவிடும். அதற்கு வேறு ஊசி, வாரக்கணக்கில் போட வேண்டும். மெடிக்கல் காலேஜுக்கு அனுப்பி உறுதி செய்து வர நாலு நாள் ஆகலாம். இதெல்லாம் சொல்லிவிட்டு அவர் தாளை எடுத்தார்.

"ஆனா இந்த ஆளு ஹோட்டல்காரன் அல்லே? சமையல்கட்டில் நிற்கிறவனுக்குச் சேறு எங்கிருந்து வரும்? வேறு தண்ணிக் கிருமியாத்தான் இருக்கணும். மேலே சொன்னால் சிரிப்பாங்க, செல்வி. ரிப்போர்ட் வரட்டும்."

அந்த இடத்தில் அவள் சொல்லியிருக்க வேண்டும். கை உறையைக் கழற்றிப் போட்டுவிட்டு, ஐந்து நிமிஷத்தில் வருகிறேன் என்று படியேறினாள். கையில் அடித்துக் கொடுத்த சத்தியத்தை, கை நீட்டியவரிடமே கேட்டுத் திருப்பி வாங்க வேண்டும் என்று தோன்றியதாம் அவளுக்கு. மூச்சுக்குத் தவிக்கிற மனுஷனிடம் போய் அனுமதி கேட்கிற புத்தியை என்னவென்று சொல்வது? ஆனால் அந்த லைனில் வளர்ந்தவர்களுக்குக் கையில் அடித்தது விளையாட்டு இல்லை.

ஒச்சப்பன் முகத்தில் மாஸ்க் இறுக்கியிருந்தது. அவள் குனிந்து விஷயத்தைச் சொன்னாள். சேற்றில் நின்றது தெரிந்தால் இன்றைக்கே மருந்து மாற்றுவார்கள் என்றாள். அவர் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். மாஸ்க்கை விலக்கினார்.

"வேண்டாம், தாயி. இது கருப்பு குடுத்தது. சூடம் அடிச்சவன் நானு. மருந்துக்கு நிக்காது."

"அப்ப மெடிக்கல் ஷாப் மாத்திரைய பத்து நாளா எதுக்கு முழுங்கினீங்க? கருப்போட மல்லுக்கட்டவா?"

அவருக்குச் சிரிப்பு வரப் பார்த்தது, இருமலாகத்தான் வந்தது. இருமி முடிய வெகுநேரம் ஆயிற்று. நர்ஸ் ஓடி வந்து மாஸ்க்கைத் திரும்ப வைத்துவிட்டு அவளை முறைத்தாள்.

"மாமா, தட்டுல நான் பாத்துட்டேன். அதுக்குச் சூடமும் தெரியாது, சத்தியமும் தெரியாது. சேறு தெரியும், சர்க்கரை தெரியும். உங்ககூட நின்ன ஆளு சத்தியமே பண்ணாதவனா இருந்தாலும் அது பிடிக்கும்."

ஒச்சப்பன் கண்ணை மூடிக்கொண்டார். கையை மட்டும் தூக்கி, உள்ளங்கையை அவளுக்குக் காட்டினார். அடித்திருக்கிறாய், ஞாபகம் இருக்கட்டும் என்று அர்த்தம். பாண்டிச்செல்வி அந்தக் கையைப் பிடித்துப் போர்வைக்குள் வைத்துவிட்டு இறங்கி வந்தாள்.

டாக்டர் ஜிஷாவிடம் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். ஜூன், தோடு, பிஜு, எட்டு மாதம், 'ஹோட்டல்' என்று எழுதியது தன் கைதான் என்பது வரைக்கும். டாக்டர் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"செவ்வாய்க்கிழமை தெரியும் உனக்கு," என்றார். "இன்னைக்கு வெள்ளி."

அவ்வளவுதான். உடனே மேலே போன் போட்டார். ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்க வேண்டாம், ஊசியை இப்போதே மாற்றுங்கள், ஆள் சேற்றில் நின்றவர் என்று மலையாளத்தில் படபடவென்று சொன்னார். அப்புறம் திறந்த மேஜையில் கிடந்த தட்டுகளையெல்லாம் தானே கையுறை மாட்டி எடுத்து, கண்ணாடிக் கூண்டுக்குள் அடைத்தார். திரும்பிப் பார்க்காமலே, முகர்ந்தாயா என்று கேட்டார். பாண்டிச்செல்வி ஆமாம் என்றாள். அதற்கும் திட்டு இல்லை. உனக்கும் மாத்திரை தருவேன், இன்றிலிருந்து இருபத்தொரு நாள் காலையும் மாலையும் காய்ச்சல் பார்த்து எழுதி வை என்றார்.

மேலே டாக்டர்கள் ஆவுடையம்மாளைக் கேட்பார்கள் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அவர்கள் வாயால் அத்தை கேட்கக் கூடாது. ஓடினாள். ஐ.சி.யூ. வாசலில் ஆவுடையம்மாள் ஒரு தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். பாண்டிச்செல்வி அவள் எதிரில் தரையில் உட்கார்ந்தாள். சுற்றி வளைக்கவில்லை. அவள் சொல்லி முடிக்கிற வரைக்கும் ஆவுடையம்மாள் தூக்குவாளியின் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தாள்.

"எப்பப் பாத்த?"

"ஜூன்ல, அத்தை."

"இப்ப ஆகஸ்ட் முடியுது. தெனம் ரெண்டு வாட்டி என் வாசலத் தாண்டித்தான் போற."

ஆவுடையம்மாள் அழவும் இல்லை, தலையில் அடித்துக்கொள்ளவும் இல்லை. அவர் எங்கே குளித்தார் என்று கேட்டாள். பிஜுவின் ஷெட்டில் ஒரு குழாய் இருக்கிறது என்றாள் இவள்.

"வேற சோப்பு வாசம் வந்துச்சு. எட்டு மாசமா வருது. நான் பொம்பளைன்னு நெனச்சேன்." மூடியைத் திருகுவதை நிறுத்தினாள். "அதுவா இருந்திருக்கலாம்."

அப்போதுதான் ஐ.சி.யூ. டாக்டர் வெளியே வந்து, ஒச்சப்பனுடைய ஆள் யார் என்று கேட்டார். சேட்டனுக்கு என்ன வேலை என்றும் கேட்டார். ஆவுடையம்மாள் எழுந்து நின்று, தெளிவாக, தோட்டில் சேறு கோருகிற வேலை என்றாள். இருபத்தாறு வருஷத்தில் அந்த வார்த்தையை அவள் வாயால் சொன்னது அன்றுதான்.

சனி, ஞாயிறு, திங்கள். ஊசி மாறியதும் காய்ச்சல் பொட்டென்று விழும் என்று பாண்டிச்செல்வி எதிர்பார்த்திருந்தாள். விழவில்லை. இந்தக் கிருமி மெதுவாகத்தான் இறங்கும், சில பேருக்கு இறங்காமலும் போகும் என்று டாக்டர் ஜிஷா சொல்லிவிட்டார். திங்கள் மத்தியானம் மெடிக்கல் காலேஜிலிருந்து அதுதான் என்று உறுதியாயிற்று. ஜிஷா தாளை நீட்டினார். நல்ல வேலை செய்தாய் என்றோ, கெட்ட வேலை செய்தாய் என்றோ சொல்லவில்லை. பாண்டிச்செல்விக்கும் இரண்டில் எது என்று தெரியவில்லை. முதல் மூன்று நாளில் மருந்து மாறியிருந்தால் இடது நுரையீரல் தப்பியிருக்குமா என்று கேட்க நினைத்து, கேட்காமலே விட்டாள். லைனில் ஆவுடையம்மாள் வீட்டு வாசலைத் தாண்டும்போது கதவு சாத்தியிருந்தால் நிம்மதியாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை காய்ச்சல் நூற்று மூன்றிலிருந்து நூற்று ஒன்றுக்கு வந்தது. புதன் காலை மாஸ்க்கை எடுத்து, மூக்குக் குழாய் மட்டும் வைத்தார்கள். இன்னும் ஒன்றும் சொல்ல முடியாது, மாதக்கணக்கில் மாத்திரை, சர்க்கரை ஏறக் கூடாது என்று பெரிய பட்டியல் ஒப்பித்தார்கள். பாண்டிச்செல்வி அன்று மறுபடி சளி எடுக்கப் போனபோது, ஆவுடையம்மாள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். ஒரு கரண்டி, துண்டால் ஒரு துடைப்பு, அடுத்த கரண்டி. பேச்சு இல்லை. ஐந்து நாளாக அவள் அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லையாம். நர்ஸ் வழியாகத்தான் கேள்வி பதில் எல்லாம்.

ஒச்சப்பன் பாண்டிச்செல்வியைப் பார்த்ததும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"சொல்லிட்ட."

"சொல்லிட்டேன், மாமா."

சளி டப்பாவை நீட்டினாள். அவர் வாங்கவில்லை. ஆவுடையம்மாள்தான் கரண்டியைக் கஞ்சிக்குள் நிறுத்திவிட்டு வாய் திறந்தாள்.

"உங்ககூட யார் யாரு எறங்கினது?"

அவர் சுவரிலிருந்து முகத்தைத் திருப்பினார். நேரடியாகத் தன்னிடம் கேட்டாள் என்பதை நம்பவே அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது போலிருந்தது.

"கேக்குறேன்ல. உங்கள மட்டும் பாத்தா அது கடிச்சிருக்கும்? அவங்க வீட்டுலயும் ஒருத்தி இருப்பா."

பாண்டிச்செல்விக்கு வெட்கமாகப் போயிற்று. ஐந்து நாளாகத் தட்டையும் தன்னையும் நினைத்துக்கொண்டிருந்தாளே தவிர, தோட்டில் நின்ற மற்றவர்களை நினைக்கவில்லை. தாளை எடுத்தாள். ஒச்சப்பன் மெதுவாக, மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னார். காளி. நல்லாத்தான் இருக்கிறான், நேற்றுக்கூட வந்து எட்டிப் பார்த்தானாம். பெங்காலிக்காரன்கள் இரண்டு பேர். பேர் தெரியாது, பிஜுவிடம் கேட்டால் தெரியும். அப்புறம் நிறுத்திவிட்டார்.

"நாலு பேருன்னு இவ சொன்னா. நாலாவது ஆளு?" என்றாள் ஆவுடையம்மாள்.

"பாண்டியராஜன். எங்க ஊருதான். அவனுக்கும் சக்கரை. எனக்கு முன்னாடியே காச்ச. ஊருக்குப் போறேன்னு பஸ் ஏறிட்டான்."

போய் எத்தனை நாள் என்று கேட்டதற்கு, பன்னிரண்டு, பதிமூன்று இருக்கும் என்றார். அவருடைய போன் ஆவுடையம்மாளின் பையில் இருந்தது. அவள் எடுத்துப் பேரைத் தேடி, பாண்டிச்செல்வியிடம் நீட்டினாள். நீயே பேசு, உனக்குத்தான் அதோட பேர் தெரியும் என்றாள்.

மணி வெகுநேரம் அடித்தது. எடுத்தது ஒரு பெண். பின்னால் டிவி சத்தம். பாண்டியராஜன் இருக்கிறாரா என்று கேட்டதும், படுத்திருக்கிறார், மேலுக்குச் சரியில்லை, யார் பேசுவது என்றாள். குரலில் சந்தேகம்.

பாண்டிச்செல்வி கட்டிலில் கிடந்தவரைப் பார்த்தாள். பிறகு பார்வையை எடுத்துக்கொண்டாள்.

"கொச்சியிலருந்து பேசுறேங்க்கா, ஆஸ்பத்திரி. உங்க வீட்டுக்காரர் இங்க கால்வாய்ச் சேத்துல எறங்கி வேலை பாத்தாரு. அதுல ஒரு கிருமி இருக்கு. அவரோட நின்ன ஒருத்தர் இப்ப எங்க ஐ.சி.யூ.வுல இருக்காரு."

"ஆள் மாறிப் பேசுறீங்க. அவுக அந்த வேலைக்கெல்லாம் போறதில்ல."

"மாறலக்கா. இன்னைக்கே மதுரை பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. நாளைக்கு வேண்டாம். போனதும் முதல்ல சேத்துல நின்னாருன்னு சொல்லுங்க. அதைச் சொல்லாம மத்தது எதையும் சொல்லாதீங்க. நான் கிருமியோட பேரை மெசேஜ்ல அனுப்புறேன், அப்படியே டாக்டர்கிட்ட காட்டுங்க."

அந்தப் பக்கம் டிவி அணைந்தது. யாரோ யாரையோ எழுப்புகிற சத்தம் கேட்டது, பதில் கேட்கவில்லை. மறுபடி போனுக்கு வந்தபோது அந்தப் பெண்ணின் குரல் தாழ்ந்திருந்தது.

"எங்க நின்னாருன்னு சொன்னீங்க? இன்னொருக்கா சொல்லுங்க."

பாண்டிச்செல்வி இன்னொரு முறை சொன்னாள்.